பேக்கரிக்கு லேபிள் பிரிண்டர் வாங்கப் போறீங்களா? மெஷின் விலையைக் கடைசியா பாருங்க!



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி போன மாசம் என் ஆபீஸுக்கு வந்தார். அவரோட மாமா நடத்துற சூப்பர் மார்க்கெட்டில் புதுசா ஒரு பேக்கரி கவுன்ட்டர். அதில் இவரும் பார்ட்னர். கையில் போனஸ் பணம், கூடவே ரெண்டு கொட்டேஷன்.

"அண்ணா, ஒரு லேபிள் பிரிண்டர் 10,000 ரூபா, இன்னொண்ணு 22,000. ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின்தானே, சின்னதே போதும்ல?"

நான் திருப்பிக் கேட்டேன்: "அந்த ஸ்டிக்கர்ல என்னென்ன போடணும்னு லிஸ்ட் வச்சிருக்கீங்களா?" இல்லைன்னார். அங்கேதான் ஆரம்பிக்கணும். சைட் பிசினஸ் யோசிக்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு உதவும்னுதான் எழுதறேன்.

1. முதல்ல லேபிள், அப்புறம்தான் பிரிண்டர்

வாடிக்கையாளர் கேட்கும்போது அவர் கண் முன்னாடி எடை போட்டுக் கட்டிக் கொடுத்தால் அது சில்லறை விற்பனை. முன்கூட்டியே எடை போட்டு பேக் பண்ணி அலமாரியில் வச்சுட்டா, எடையளவுச் சட்டப்படி அது 'முன் பொதியப்பட்ட பொருள்'. விதிமுறைகள் கூடவே வரும்.

பொருளின் பெயர், சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், அலர்ஜி தரும் பொருட்கள், சைவ/அசைவக் குறி, எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோ, 14 இலக்க உரிம எண், முகவரி, நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, எம்ஆர்பி, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை. இவ்வளவும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் படிக்கிற மாதிரி வரணும். தப்பான லேபிளோடு விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 52-ன்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

பேக்கரியில் ரொம்ப கவனிக்க வேண்டியது முட்டை. நம்ம விதிப்படி முட்டை சேர்ந்த கேக் அசைவம்தான். பழுப்பு நிற முக்கோணக் குறி வரணும். எக்லெஸ் கேக்குக்குப் பச்சை வட்டம். ஒரே கவுன்ட்டரில் ரெண்டும் இருக்கும்போது ஸ்டிக்கர் மாறிட்டா, அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசறவங்க எல்லாரும் வர்ற ஊர் நம்ம ஊர். இங்கே நிறைய பேர் எழுத்தைப் படிக்கிறதில்லை, குறியைத்தான் பார்க்கிறாங்க.

இது அபராதத்தோட முடியற விஷயமும் இல்லை. 2016-ல் நடாஷா என்ற 15 வயது பிரிட்டிஷ் பெண், விமான நிலையத்தில் வாங்கின ரொட்டி சாண்ட்விச்சில் இருந்த எள்ளால் அலர்ஜி வந்து இறந்து போனாள். கடையிலேயே பேக் பண்ணி விற்கிற உணவு என்பதால், அந்தப் பாக்கெட்டில் எள் இருக்குன்னு போட வேண்டிய கட்டாயம் அப்போ அங்கே இல்லை. அவ பெயரிலேயே அழைக்கப்படற புது விதி 2021 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. நம்ம நாட்டில் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, சோயா இருந்தா லேபிளில் தனியா சொல்லணும். பேக்கரியில் இதில் எது இல்லாம இருக்கு?

2. எந்த டெக்னாலஜி?

*டைரக்ட் தெர்மல்:* ரிப்பன் வேண்டாம். பில் மெஷின் மாதிரி, சூடு பட்டால் கறுக்கிற பேப்பர். ஆனா வெயில், எண்ணெய், சூடு பட்டா அச்சு கெடும். ரோலை ஓவன் பக்கத்தில் வச்சா ரோலே கறுத்துடும். சில நாளில் விற்றுத் தீர்ற பிரெட், பன், கேக்குக்கு இது போதும்.

*தெர்மல் டிரான்ஸ்ஃபர்:* ரிப்பன் செலவு கூடும், அச்சு நிலைக்கும். மாசக் கணக்கில் அலமாரியில் இருக்கிற ரஸ்க், குக்கீஸுக்கு இதுதான் சரி.

கிரீம் கேக் ஃபிரிட்ஜுக்குப் போகும். ஈரத்தில் சாதா பசை கழன்று வரும். குளிர் தாங்கும் பசை உள்ள ரோலா என்று கேளுங்க. 203 டிபிஐ என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, 300 டிபிஐ என்றால் 12. லேபிள் சின்னது, எழுத்து பொடி என்றால் 300 நல்லது.

தமிழ் வேணும்னா டெமோவில் "கொண்டைக்கடலை" அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. சில சாஃப்ட்வேரில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிக்கும். ஆனா சட்டப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்கணும். தமிழ், கன்னடம் கூடுதலாகத்தான்.

எடை போட்டு விலையோடு ஸ்டிக்கர் தர்ற தராசு வாங்கினா, அதோட பார்கோடு (பெரும்பாலும் 2-ல் தொடங்கும்) உங்க பில்லிங் சாஃப்ட்வேரில் படிக்குதான்னு பாருங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரையும் வேணும்.

3. இப்போ கணக்கு

தம்பி காட்டின 10,000 ரூபாய் மெஷினில் அந்தக் கம்பெனி ரோல் மட்டும்தான் போடலாம். 22,000 ரூபாய் மெஷினில் வெளி ரோலும் ஓடும். ஒரு நாளைக்கு 200 லேபிள், மாசம் 6,000 என்று வச்சுக்குவோம்.

- சின்ன மெஷின்: லேபிள் 60 பைசா. 3 வருஷத்துக்கு லேபிள் 1,29,600 + மெஷின் 10,000 = 1,39,600
- பெரிய மெஷின்: லேபிள் 40 பைசா. 3 வருஷத்துக்கு லேபிள் 86,400 + மெஷின் 22,000 = 1,08,400

'விலை கூடின' மெஷின்தான் 31,200 ரூபாய் மிச்சம் பிடிக்குது! கூடுதலா போட்ட 12,000 பத்தே மாசத்தில் திரும்பி வந்துடும். உங்க கொட்டேஷன் நம்பரைப் போட்டு இதே மாதிரி பாருங்க.

4. விலை மாறினா என்ன ஆகும்?

2025 செப்டம்பர் 22 ஞாபகம் இருக்கா? அன்னிக்கு கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆச்சு. சாஃப்ட்வேரில் விலையை மாத்தற வசதி வச்சிருந்தவங்களுக்கு அது அரை மணி நேர வேலை. எம்ஆர்பியோட மொத்தமா அச்சடிச்சு வச்சவங்க ரோலில் பழைய விலையே நின்னுது. அதனால லோகோ, முகவரி மட்டும் முன்னாடியே அச்சடிங்க. விலை, தேதி, பேட்ச் எல்லாம் மெஷினில் அன்னன்னிக்கு வரட்டும். சேர்மானப் பட்டியலைத் திருத்த ஒரே ஒருத்தருக்கு மட்டும் பாஸ்வேர்டு கொடுங்க.

5. சிஏவா நாலு வார்த்தை

- மெஷினுக்குக் கட்டின ஜிஎஸ்டியை முழுசா எடுக்க முடியாம போகலாம். பிரெட்டுக்கு வரி இல்லை; அந்த விற்பனைப் பங்குக்கு உரிய கிரெடிட் கிடைக்காது. காம்போசிஷன் ஸ்கீம் என்றால் கிரெடிட்டே கிடையாது.
- காம்போசிஷனில் இருந்துக்கிட்டு அத்திப்பள்ளிக் கடைக்கு சப்ளை பண்ண முடியாது. அது வேற மாநிலம்!
- கம்ப்யூட்டரோடு ஓடற பிரிண்டருக்குத் தேய்மானம் 40%, தராசுக்கு 15%. வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதிதான்.
- ஒரே நாளில் ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கேஷா கொடுத்து மெஷின் வாங்காதீங்க. அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. பேங்க் வழியா அனுப்புங்க.

தம்பி என்ன பண்ணினார்? அன்னிக்கு எதையும் வாங்கலை. மாமாவோட உட்கார்ந்து ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சேர்மானம் எழுதினார். எக்லெஸ்னு விற்கிற ஒரு கேக்குக்கு மாஸ்டர் சில நாள் முட்டை சேர்க்கிறார்னு அப்போதான் தெரிஞ்சது. முதல்ல அதை நிறுத்தினாங்க. அப்புறம்தான் 22,000 ரூபாய் மெஷினை ஆர்டர் பண்ணாங்க.

இந்தக் கணக்கை எக்செலில் போட்டுக் காட்டற வீடியோ சேனலில் வரும். அதுக்குள்ள யாராவது உங்ககிட்ட மெஷின் விலையை மட்டும் சொன்னா, "ஒரு லேபிளுக்கு எவ்ளோ ஆகும்?"னு திருப்பிக் கேளுங்க.