அடோனிராம் ஜட்சனின் பர்மிய மறைப்பணி

அடோனிராம் ஜட்சன் (1788–1850) பர்மாவில் (இன்றைய மியான்மர்) ஏறக்குறைய 37 ஆண்டுகள் நற்செய்தி அறிவித்த அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர் ஆவார். முதல் ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட இவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை. நம்பாதவர்களிடையே சோர்ந்துபோகாமல் நற்செய்தி அறிவிப்பதற்கு எடுத்துக்காட்டாக இவரது பணி குறிப்பிடப்படுகிறது.

மொழி கற்ற ஆண்டுகள்

ஜட்சனும் அவர் மனைவி ஆனும் 1813 ஜூலையில் ரங்கூன் வந்தனர். நாள்தோறும் பர்மிய ஆசிரியரிடம் மொழி பயின்றனர். பௌத்த நூல்களை அறிவதற்காக ஜட்சன் பாலி மொழியும் கற்றார். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதே கேட்போருக்குப் புதிய கருத்தாக இருந்தது. எனவே அதை விளங்கவைக்கும் சொற்களையும் அவர் தேட வேண்டியிருந்தது. 1816இல் இவர்களது ஆண் குழந்தை 8 மாதத்தில் இறந்தது. 1817இல் மத்தேயு நற்செய்தி பர்மிய மொழியில் அச்சானது.

சாவடி

பர்மாவில் வழிப்போக்கர் தங்கும் சாவடி 'சயாத்' எனப்படும். 1819 ஏப்ரலில் ஜட்சன், புத்த கோயிலுக்குச் செல்லும் சாலையோரம் அத்தகைய சாவடி ஒன்றை அமைத்தார். அங்கே அமர்ந்து, வருவோரோடு உரையாடினார். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை கூறினார். உழைத்துப் பிழைத்த ஏழையான மாங் நாவ், 1819 ஜூன் 27 அன்று முதலாவதாகத் திருமுழுக்குப் பெற்றார்.

அரசரின் மறுப்பு

சமயம் மாறியவர்கள் அரச தண்டனைக்கு அஞ்சி வாழ்ந்தனர். ஆகவே 1820இல் ஜட்சன் தலைநகர் சென்று, அரசரிடம் சமய உரிமை வேண்டினார். கொடுத்த சிறுநூலை அரசர் சிறிது படித்துவிட்டுத் தரையில் போட்டார். இதனால் பர்மாவை விட்டு வெளியேறலாமா என ஜட்சன் எண்ணினார். பத்துப் பேராவது சேரும்வரை தங்குமாறு புதிய கிறித்தவர்களே அவரைக் கேட்டுக்கொண்டனர். அவரும் தங்கினார். 1822இல் திருமுழுக்குப் பெற்றோர் 18 பேர் ஆயினர்.

சிறையும் இழப்பும்

1824இல் ஆங்கிலேய–பர்மியப் போர் மூண்டபோது, ஒற்றர் என்ற ஐயத்தில் ஜட்சன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிறைப்பட்டார். ஆன் அவருக்கு உணவு கொண்டுவந்தார்; புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். விடுதலைக்குப் பின், 1826 அக்டோபரில் ஆன் காலமானார்.

விளைவுகள்

பர்மியப் பௌத்தர்களிடையே கிறித்தவம் மெதுவாகவே பரவியது. விரைவான வளர்ச்சி கரேன் மக்களிடையே ஏற்பட்டது. முன்னாள் கொள்ளையரும் கடனுக்கு அடிமைப்பட்டவருமான கோ தா பியூ என்ற கரேன், 1828இல் திருமுழுக்குப் பெற்றுத் தம் மக்களிடம் நற்செய்தி அறிவித்தார்.

முழு விவிலிய மொழிபெயர்ப்பை ஜட்சன் 1834இல் முடித்தார். திருத்திய பதிப்பு 1840இல் நிறைவுற்றது. 1850 ஏப்ரல் 12 அன்று கடற்பயணத்தில் இறந்த அவரது உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவரது மொழிபெயர்ப்பு மியான்மரில் இன்றும் படிக்கப்படுகிறது.

பணியின் தன்மை

ஜட்சனின் விடாமுயற்சி, மனமில்லாத ஒருவரை மீண்டும் மீண்டும் வற்புறுத்துவதாக அமையவில்லை. மொழியைக் கற்றதும், வருவோருக்காகச் சாவடியில் காத்திருந்ததும், ஆபத்து வந்தபோது நம்பியவர்களைக் கைவிடாமல் உடனிருந்ததுமே அதன் இயல்பு.