கரப்பானை வெல்லும் வெள்ளைத் தூள்

அடுப்பு மேடைக்குக் கீழும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் குடியிருக்கும் வெளிர்பழுப்புக் கரப்பான் அரை அங்குல நீளம்தான் இருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடைக் குழாய் வழியே ஏறிவரும் பெரிய செங்கரப்பானைவிட இதை ஒழிப்பது கடினம். தாய்ப்பூச்சி முப்பது, நாற்பது முட்டைகள் அடங்கிய பையை, குஞ்சு பொரிக்கும் நேரம்வரை வயிற்று நுனியிலேயே சுமந்து காக்கிறது.

பிரிஞ்சி இலை, கிராம்பு, வெள்ளரித் தோல் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இவற்றின் வாசனையால் பூச்சி பக்கத்து அலமாரிக்கு இடம் மாறினாலும் மாறும், சாகாது. சோப்புத் தண்ணீர் கொல்லும். கரப்பான் மூச்சு விடுவது உடலின் இரு பக்கமும் உள்ள துளைகளால். சோப்பு நீர் அவற்றை அடைத்துவிடுகிறது. ஆனால் மேலே பட்ட பூச்சி மட்டுமே சாகும். இடுக்கில் பதுங்கியிருக்கும் கூட்டம் அப்படியே இருக்கும்.

கூட்டத்தையே அழிக்க வேண்டுமென்றால் போரிக் பவுடர்தான். மருந்துக் கடையில் கிடைக்கும். கேரம் போர்டில் பலரும் தூவுவது இதைத்தான். அமெரிக்காவில் 1948-லேயே இது பூச்சிக்கொல்லியாகப் பதிவாகிவிட்டது. கரப்பான் ஓயாமல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. தூள் மீது நடந்தால் காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டியதை வாயால் வழித்து விழுங்கிவிடும். உள்ளே போனது குடலைச் சிதைக்கும். உடனே சாகாது, சில நாள் ஆகும். மறுநாளும் பூச்சி ஓடுகிறதே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

பலர் தோற்பது அளவில்தான். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, இடுக்குகளுக்குள் மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். ஈரம் பட்டால் கட்டிபிடித்து வீணாகும். மைதா, சர்க்கரையுடன் பிசைந்து உருட்டி வைப்பதும் உண்டு. ஆனால் குளுக்கோஸைக் கசப்பாக உணரும் ஜெர்மன் கரப்பான்கள் இருப்பதை 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அத்தகைய பூச்சிகள் இனிப்பைத் தொடாமல் போகலாம். அதனால் எனக்குத் தூளில்தான் நம்பிக்கை.

இரவில் சிங்க்கைத் துடைத்து உலரவிடுங்கள், ஒழுகும் குழாயை மாற்றுங்கள். உணவில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும் இந்தப் பூச்சி, தண்ணீரும் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாங்குவதே அரிது.

போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் நஞ்சு. பாத்திரம் வைக்கும் தட்டிலும், தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்திலும் தயவுசெய்து தூவாதீர்கள்.