பழைய ஸ்நோ ப்ளோயர் வாங்குகிறீர்களா? முதலில் அடியில் குனிந்து பாருங்கள்!

கனடாவிலோ, அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ இருக்கும் பிள்ளைகளிடம் ஜனவரியில் வீடியோ காலில் பேசினால், ஒரு காட்சி நிச்சயம். வாசல் முழுக்கப் பனி. காரை எடுக்க வேண்டும் என்றால் அதை அள்ளித்தான் ஆக வேண்டும். கையால் வாரிப் போட்டால் முதுகு விண்டுவிடும். அதனால்தான் பலர் ஸ்நோ ப்ளோயரைத் தேடுகிறார்கள்.

கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்டு 1925-ல் உருவாக்கிய இயந்திரம் இது. 1927-ல் மான்ட்ரியலை ஒட்டிய அவுட்ரமான்ட் நகரம் அதை வாங்கியது. இன்று கராஜில் நிற்கும் சின்ன ப்ளோயருக்கு அதுதான் பாட்டன். புதிதாக வாங்கினால் பெரிய ரகங்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்கு அதுவே காரணம்.

வாங்கும்போது எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், பெயின்ட்டைப் பார்க்கிறோம். அடியில் இருக்கும் ஒரு இரும்புப் பட்டையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதன் பெயர் ஸ்கிரேப்பர் பார்.

அது என்ன செய்கிறது?

நம் ஊர் கலப்பைக்குக் கொழு எப்படியோ, ஸ்நோ ப்ளோயருக்கு இந்தப் பட்டை அப்படி. பனியை உள்ளே இழுக்கும் திருகு பிளேடுக்கு ஆகர் என்று பெயர். அதைச் சுற்றியுள்ள தகரக் கூண்டின் பின்பக்க அடி ஓரத்தில் இந்தப் பட்டை குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். தரையை ஒட்டிப் பனியைச் சுரண்டி ஆகரிடம் தள்ளுவது இதன் வேலை. கூண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்கிட் ஷூக்கள்தான் இயந்திரத்தின் உயரத்தைத் தாங்குகின்றன. மாட்டுக்கு லாடம் மாதிரி.

கொழு தேய்ந்தால் மாற்றிவிடலாம். கவனிக்காமல் விட்டு, கலப்பையே தேய்ந்தால்? இங்கேயும் அதே கதைதான். பட்டை முழுவதும் தேய்ந்துபோனால், அடுத்துத் தரையில் உரசுவது கூண்டின் தகரம். அதைச் சரிசெய்ய வெல்டிங் வரை போக வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேய்ந்த பட்டை, தரையில் மெல்லிய பனி அடுக்கை விட்டுச் செல்லும். கால் மிதிபட்டு, கார் ஏறி, இரவில் உறைந்து, காலையில் அது கண்ணாடி போன்ற ஐஸ் ஆகிவிடும். ஊரிலிருந்து போயிருக்கும் அம்மாவோ, மாமனாரோ அதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாங்கும் முன் பாருங்கள்

* பட்டை ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் ஸ்கிட் ஷூக்கள் சமமாக இல்லை.

* பட்டைக்கு மேலே உள்ள கூண்டின் ஓரமும் தேய்ந்திருக்கிறதா? இருந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

* பட்டை மட்டும்தான் தேய்ந்திருக்கிறது என்றால் பயம் வேண்டாம். அதைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

மாற்றுவது எப்படி?

முதல் வேலை பாதுகாப்பு. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி ரகம் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். இயந்திரத்தைச் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதால் பெட்ரோலை முன்பே காலி செய்யுங்கள். கெட்டியான கையுறை அவசியம். தேய்ந்த பட்டையின் ஓரம் கத்தி போல இருக்கும்.

இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற பட்டையை வாங்குங்கள். 24 அங்குலம், 28 அங்குலம் என்று அகலம் ஒன்றாக இருந்தாலும் துளைகளின் இடைவெளி மாறும். போல்ட், நட்டுகளையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள். உப்பிலும் ஈரத்திலும் ஊறிய பழையவை பெரும்பாலும் துருப்பிடித்துப் போயிருக்கும்.

துருவை இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே நட்டுகளில் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் ஸ்பேனர் போட்டால் பாதி வேலை சுலபம். அப்படியும் அசையாத போல்ட்டை அறுத்து எடுப்பதுதான் வழி. பழைய பட்டையைக் கழற்றியதும் அந்த இடத்தை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள்.

புதிய பட்டையை வைத்து எல்லா நட்டுகளையும் முதலில் லேசாக மாட்டுங்கள். பட்டை நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஆகர் பிளேடு அதில் உரசவில்லை என்பதையும் பாருங்கள். சில மாடல்களில் பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்க ஓரத்தையும் பயன்படுத்தலாம். உங்களுடையது அப்படியா என்று வாங்கும்போதே விசாரியுங்கள்.

உயரம்தான் சூட்சுமம்

சமதளத்தில் நிறுத்தி, பட்டைக்கு அடியில் சுமார் 3 மி.மீ. கனத்தில் அட்டையோ, மரச்சில்லோ வையுங்கள். ஸ்கிட் ஷூக்களைத் தளர்த்தி, தரையைத் தொடும்படி இறக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இறுக்குங்கள். இது சிமென்ட், தார் தளத்துக்கான அளவு. சரளைக்கல் பாதை என்றால் இன்னும் நன்றாக உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கற்களையும் வாரி, ஜன்னல் மேல் வீசிவிடும்.

ரப்பர் துடுப்பு உள்ள சின்ன ரகங்களில் இந்தப் பட்டை பிளாஸ்டிக்கில் இருக்கும். அதை மாற்றும்போது துடுப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

கை பத்திரம்!

ஈரப்பனி பனி வெளியேறும் குழாயில் அடைத்துக்கொள்வது சகஜம். அதைக் கையால் குடையப்போய் விரல்களை இழந்தவர்கள் உண்டு. இன்ஜின் நின்ற பிறகும் உள்ளே இறுக்கம் தேங்கியிருக்கும். அடைப்பு விலகிய நொடியில் பிளேடு சட்டென்று சுழலும். எனவே இன்ஜினை அணைத்துவிட்டு, கம்பாலோ, அதற்கென்றே தரும் கருவியாலோ மட்டும் தள்ளுங்கள். கராஜுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம்.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்பு, முதல் பனி விழும் வரை காத்திருக்காமல், அக்டோபரிலேயே ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள். பட்டை இன்னும் தகரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் இந்தக் குளிர்காலத்துக்குக் கவலையில்லை.