கேட் தேர்வு: கோச்சிங்குக்கு முன்னால் பழைய வினாத்தாள்

நம் பக்கத்துக் கல்லூரிகளில் ‘கேட் எழுதப் போறியா?’ என்று கேட்டால், ‘அது இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்குத்தானே சார்?’ என்ற பதில்தான் வருகிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கேட்’ என்பதால் வரும் குழப்பம் இது. பொறியாளர்கள் எழுதுவது வேறு, ஐ.ஐ.எம். எனும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் வேறு. பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. என எந்தப் பட்டப்படிப்பு படித்தவரும் இதை எழுதலாம். பொதுப்பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 45 சதவீதம் போதும்.

இந்நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும், பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. 2011-ல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம். புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வாசல் தமக்கும் உரியது என்று தெரியும்?

தெரிந்தவர்களையும் தடுத்து நிறுத்துவது கோச்சிங் கட்டணம். ‘பணம் கட்டிச் சேராமல் முடியாது’ என்பது நகரத்து விளம்பரங்கள் உண்டாக்கிய பயம். தேர்வை நடத்தும் ஐ.ஐ.எம். தனது அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆண்டுதோறும், தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு, மாதிரித் தேர்வு ஒன்றை இலவசமாக வெளியிடுகிறது. தேர்வு முடிந்ததும் எழுதியவர்களுக்கு வினாக்களும் விடைக்குறிப்பும் தரப்படுகின்றன. அப்படி வெளிவந்த 2017 முதலான வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கோச்சிங் நிறுவனங்களின் மாதிரித் தாள்கள் என்னதான் இருந்தாலும் பிறர் ஊகித்து எழுதியவை. தேர்வு நடத்துபவரே எழுதிய கேள்வியின் போக்கு அவற்றில் முழுதாக வராது.

ஆனால் அந்தத் தாள்களின் எண்ணிக்கை கொஞ்சம்தான். எல்லாவற்றையும் முதல் மாதமே புரட்டிவிட்டால் பிறகு சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களைத் தொடாமல் வையுங்கள். மற்றவற்றை முதலில் நேரம் பார்க்காமல் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தோமா, கணக்கில் சறுக்கினோமா? விடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தால் பயனில்லை. ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை வெறும் தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

2024-ல் 68 கேள்விகள், 120 நிமிடம். ஆங்கிலம், தரவும் தர்க்கமும், கணிதம் என மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறினால் 1 மதிப்பெண் போகும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வந்த மூன்றும் போய்விடும். ஒரு விடையை உறுதியாக விலக்க முடிந்தால் மட்டுமே ஊகம் லாபம். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் மைனஸ் கிடையாது. அவற்றை வெறுமையாக விடாதீர்கள். சமீப ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்களே 99 பெர்சன்டைல் தொட்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிய வேண்டியதில்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பகுதிதான் மலை. 24 கேள்விகளில் பெரும்பாலானவை நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. இதற்குக் குறுக்குவழி இல்லை. நூலகத்தில் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை ஒரு வருடம் விடாமல் படிக்கத்தான் வேண்டும். மாதிரித் தேர்வைச் செல்போனில் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பிரவுசிங் சென்டரிலாவது கம்ப்யூட்டரில் எழுதிப் பாருங்கள். தேர்வு அறையில்தான் முதன்முதலாக மவுஸைப் பிடித்தோம் என்றிருக்கக் கூடாது.

தேர்வுக் கட்டணம் நமக்குப் பாதிதான். 2025-ல் மற்றவர்களுக்கு ரூ.2,600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.1,300. இடம் கிடைத்த பிறகு, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்கள் மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் பிரிவைக் குறித்துப் பதிவு செய்தால் பின்னர் மாற்ற முடியாது. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து, கேட் இணையதளத்தில் கேட்கும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நாளாகும். பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கிவிடுகிறது.