காப்புறுதியை மாற்றும் முன்...



உங்களில் சிலர் இப்பக்கத்தை டுபாயிலோ ரியாதிலோ தோஹாவிலோ ஒரு பிளாட்டின் சமையலறையில் இருந்து வாசிக்கின்றீர்கள். இன்னும் பலர் ஊரில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் மகளுக்காகவும் மருமகனுக்காகவும் துஆச் செய்கின்றீர்கள். இரு சாராருக்கும் சொல்ல வேண்டிய விடயம் ஒன்று என்னிடம் உண்டு. அது மார்க்க விடயம்தானா, மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்ததனால் நேர்ந்ததைத்தான் முதலில் சொல்லப் போகின்றேன்.

நமது நாட்டில் வருத்தம் வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகின்றோம். வரிசையில் நிற்கின்றோம், துண்டு எடுக்கின்றோம், மருந்தோடு வருகின்றோம். நேரம் போகுமே தவிர, உமக்கு எந்தக் கம்பனியின் காப்புறுதி என்று யாரும் கேட்பதில்லை. கிளினிக் கொப்பி ஒன்று இருந்தால் போதும். இப்படிப் பழகிய நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போனதும், அங்கே வைத்தியசாலையின் வாசலிலேயே ஒரு அட்டையைக் கேட்கின்றார்கள். அந்த அட்டை இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு. அட்டையைத் தந்தது மாப்பிள்ளையின் கம்பனி. கம்பனி மாறினால் அட்டையும் மாறும். மாறும் அந்த இடத்தில்தான் குழி இருக்கின்றது.

என் தங்கை டுபாயில் இருக்கின்றாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்த சீனி வருத்தம், பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. மச்சானின் பழைய கம்பனி குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி கொடுத்திருந்தது. மாதா மாதம் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை எல்லாம் அட்டையிலேயே நடந்தன. பிறகு மச்சானுக்குச் சம்பளம் கூடிய இன்னொரு வேலை கிடைத்தது. புதிய கம்பனி அவருக்கு மட்டும்தான் காப்புறுதி தரும், மனைவி பிள்ளைகளுக்கு அவரே வாங்க வேண்டும்.

இது அந்தக் கம்பனியின் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். டுபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றது. ஊழியரின் காப்புறுதிச் செலவு வேலை கொடுப்பவருடையது, அதைச் சம்பளத்தில் வெட்டவும் கூடாது. ஆனால் குடும்பத்துக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் யாரோ, குடும்பத்தின் காப்புறுதி அவருடைய பொறுப்பு. அபூதாபியில் 2005இல் வந்த சட்டம், மனைவியினதும் பதினெட்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளினதும் பொறுப்பையும் வேலை கொடுப்பவர் மீதே வைத்தது. சவூதியில் 1999இல் கூட்டுறவு மருத்துவக் காப்புறுதிச் சட்டம் வந்தது, அங்கும் இகாமாவில் உள்ள குடும்பத்தினருக்குக் காப்புறுதி எடுப்பது கம்பனியின் கடமை. ஷார்ஜா, அஜ்மான் போன்ற வட எமிரேட்டுகளில் தனியார் ஊழியருக்கு இது கட்டாயமானதே 2025 ஜனவரியில்தான். ஆகவே வேலையை மாற்றும் மாப்பிள்ளை புதிய சம்பளத்தைச் சொல்லும்போது, "எங்களுக்குக் காப்புறுதி யார் போடுவது?" என்று நீங்கள் கேளுங்கள். சம்பளத்தில் கூடிய தொகை அங்கேயே கரைந்துவிடவும் கூடும்.

மச்சான் எனக்கு அழைப்பு எடுத்தார். "மௌலவி மச்சான், வீட்டாருக்குப் புதுசா இன்சூரன்ஸ் எடுக்கிறேன். இது கூடுமா?" என்று கேட்டார். அது தகாஃபுல் முறையில் நடக்கும் நிறுவனமா என்று நான் கேட்டேன். ஆம் என்றார். "அல்ஹம்துலில்லாஹ், எடுங்கள்" என்றேன். அவ்வளவுதான். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985 டிசம்பரில் எடுத்த தீர்மானத்தையும், 2005இல் டுபாயில் கூடி மருத்துவக் காப்புறுதி பற்றிச் சொன்னதையும் அவருக்கு விளக்கினேன். வணிக நோக்கில் நடக்கும் காப்புறுதி கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும் என்பது அதன் சாராம்சம். கால்மணி நேரம் பேசியிருப்பேன். படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

படிவத்தை நிரப்பியவர் ஒரு முகவர். "சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் ஏதும் உண்டா?" என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கோடிட்டு, மச்சானிடம் கையொப்பம் வாங்கினார். உண்டு என்று போட்டால் கட்டணம் கூடும், கேள்விகள் வரும், நாள் போகும் என்றாராம். வீசா வேலை அவசரம். மச்சானும் ஒப்பமிட்டார். தங்கைக்கு இது தெரியவே தெரியாது.

நான்கு மாதம் கழித்து அவளுடைய காலில் ஒரு புண். சிறிய புண்தான், சீனி உள்ளவர்களுக்குச் சிறிய புண் என்று ஒன்று கிடையாது. வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். "எத்தனை வருடமாகச் சீனி?" என்று டொக்டர் கேட்டார். "ஆறு வருஷம்" என்று அவள் உண்மையைச் சொன்னாள். டொக்டர் அதைக் கோப்பில் எழுதினார். கோப்பு காப்புறுதி நிறுவனத்துக்கு அனுமதி கேட்டுப் போனது. இரண்டு காகிதங்களும் ஒரு மேசையில் சந்தித்துக்கொண்டன. ஒன்றில் ஆறு வருடம், மற்றதில் இல்லை. பணம் தர முடியாது என்று பதில் வந்தது.

பதினெட்டாயிரம் திர்ஹம். உம்மா கலியாணத்துக்குப் போட்ட காப்பு ஆறில் நான்கு போயிற்று. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை மத்ரஸாவில் எத்தனை முறை நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பேன்! மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். அந்தப் பாடத்தைக் கடைக்காரருக்கு உரியது என்றே சொல்லிக் கொடுத்து வந்தேன். காப்புறுதிப் படிவமும் ஒரு குவியல்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதிலும் தகாஃபுல் என்றால், எல்லோருடைய பணமும் சேர்ந்த ஒரு பொதுப் பானையில் இருந்துதான் உங்கள் வைத்தியச் செலவு எடுக்கப்படுகின்றது. நோயை மறைத்து உள்ளே போவது அடுத்த வீட்டுக்காரியின் பங்கில் கை வைப்பதாகும். நிறுவனத்தின் பெயரில் ஹலாலைத் தேடிய நான், கையொப்பத்தில் அதைத் தேடவில்லை. மச்சான் மீது கோபப்பட எனக்கு முகமில்லை.

பிறகுதான் விசாரித்தோம். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டணம் கொஞ்சம் கூடியிருக்கும். டுபாயின் அடிப்படைக் காப்புறுதியில், முதன்முறை காப்புறுதி எடுப்பவருக்குத்தான் முன்பிருந்த நோய்க்கு ஆறு மாதத் தவணை. என் தங்கையோ பல வருடம் காப்புறுதியில் இருந்தவள். பழைய நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தத் தவணையும் இருந்திராது. அந்தக் கடிதத்துக்கு அங்கே கன்டினியூட்டி சர்ட்டிபிகேட் என்று பெயர். இன்னார் இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை எங்களிடம் காப்புறுதியில் இருந்தார் என்பதே அதில் இருக்கும். ஒரு தாள்தான். வேலையை விட்ட பிறகு அதைக் கேட்டு அலைவதைவிட, பழைய கம்பனியின் ஆட்கள் இன்னும் முகம் பார்த்துப் பேசும் நாட்களிலேயே வாங்கி வைப்பது நல்லது.

இன்னொன்று, இடைவெளி. விசா ரத்தாகும்போது பழைய அட்டையும் செத்துவிடும். புதியது தொடங்கும் திகதி வேறு. நடுவில் பத்து நாளோ இருபது நாளோ யாருடைய காப்புறுதியிலும் இல்லாமல் இருப்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அந்த நாட்களைப் பார்த்தா வரும்? பழையது எந்தத் திகதியில் முடிகின்றது, புதியது எந்தத் திகதியில் தொடங்குகின்றது என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சொந்தப் பணத்தில் தனியாக வாங்கிய காப்புறுதியாக இருந்தால், புதிய நிறுவனம் உங்கள் நோய்களை அறிந்து, ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் தரும்வரை பழையதை நிறுத்தவே வேண்டாம். ஒரு மாதக் கட்டணம் இரட்டிப்பாகப் போனாலும் பரவாயில்லை. தினமும் மருந்து எடுப்பவர்கள் பழைய அட்டை உயிரோடு இருக்கும்போதே, டொக்டர் சம்மதிக்கும் அளவுக்கு மருந்தை வாங்கி வையுங்கள். பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகளையும் கேளுங்கள்.

பல நாடுகளில் செல்லுபடியாகும் சர்வதேசக் காப்புறுதி என்று விற்கின்றார்கள். ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு மாறி மாறி வேலை செய்வோருக்கு அது வசதிதான். ஆனால் அவற்றில் சில, சேரும்போது நோய் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இது இலேசாக இருக்கின்றதே என்று சந்தோஷப்பட வேண்டாம். கேட்காததற்குக் காரணம், பழைய நோய் எதுவானாலும் இரண்டு வருடத்துக்குப் பணம் தருவதில்லை என்று பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பதுதான். அந்த இரண்டு வருடமும் அந்த நோய்க்கு மருந்தோ ஆலோசனையோ எடுக்காமல் இருந்தால்தான் பிறகும் தருவார்கள். சீனி வருத்தக்காரி இரண்டு வருடம் மருந்தில்லாமல் இருப்பது எப்படி? ஆகவே அது அவளுக்கு ஒருநாளும் கிடைக்காது என்பதே பொருள். நிறுவனம் மாறும்போது, பழைய நிறுவனத்தில் இருந்த நிபந்தனைகளுடனேயே எங்களை ஏற்பீர்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் ஏற்கும்.

பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் சகோதரிகள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். சொந்தமாக வாங்கும் காப்புறுதிகள் பலவற்றில் பிரசவச் செலவுக்குப் பத்து மாதம், பன்னிரண்டு மாதம் என்று காத்திருப்புத் தவணை உண்டு. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு மாற்றினால், அந்தப் பிள்ளைக்கு அது உதவாது. டுபாயில் பிறந்த குழந்தை முதல் முப்பது நாள் தாயின் காப்புறுதியில் இருக்கும். அதற்குள் குழந்தையைத் தனியாகப் பதிய வேண்டும். நாற்பது கழியட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

உம்மா வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வோம் என்று வருகின்றவர்களும் நிறைய. நல்லதுதான், நமது அரசாங்க ஆஸ்பத்திரியில் பணமில்லாமலே பிரசவம் பார்க்கலாம். ஆனால் அங்கிருந்து கொண்டு வந்த அட்டை இங்கே செல்லுமா என்று பலரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான அடிப்படை அட்டைகள் அந்த நாட்டுக்குள்தான். அத்தோடு, அமீரகத்துக்கு வெளியே ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் பொதுவாகக் குடும்ப விசாவே காலாவதியாகிவிடும். விசா போனால் காப்புறுதியும் போயிற்று, திரும்பிப் போகும்போது எல்லாம் புதிதாக. வெளிக்கிடும் முன் நாட்களை எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அது தொழுகையைப் பற்றியதல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. நமது வீடுகளில் நிக்காஹ் பதிவும் பிறப்புச் சான்றிதழும் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன, காப்புறுதிக் காகிதமோ மாப்பிள்ளையின் போனில் எங்கோ இருக்கின்றது. அவர் வேலைத்தளத்தில் இருக்கும்போது உங்களுக்குத்தான் அது தேவைப்படும். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் நிரப்பப்படும் படிவத்தை, ஒப்பமிடும் முன் நீங்களே வாசியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தங்கையின் காப்புறுதி சென்ற மாதம் புதுப்பிக்க வந்தது. இம்முறை முகவர் இல்லை. படிவத்தை அவளே நிரப்பி, படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஏழாவது கேள்விக்கு "ஆம்", பக்கத்தில் மருந்தின் பெயர், தொடங்கிய வருடம், டொக்டரின் கடிதமும் இணைப்பாக. "நானா, காசு கூடத்தான் கேக்கிறாங்க" என்று குரல் பதிவில் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டேன். மச்சானும் அவளும் சேர்ந்து அதைக் கட்டிவிட்டார்கள்.