போட்டு வாங்கும் ஜப்பான்

போன வாரம் ‘அடி’. டீசல் அடித்தவர், மருந்து அடித்தவர், சைட் அடித்தவர் எல்லோரையும் பார்த்துவிட்டோம். இந்த வாரம் ‘போடு’. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் தொடங்கி நாமக்கல் லாரிப் பட்டறையில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். தொடங்கிவிடலாம். முடிப்பது எங்கே என்பது ஆசிரியர் கொடுத்த கெடுவைப் பொறுத்தது.

திருச்செங்கோட்டில் ஏதாவதொரு டீக்கடை பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

“எத்தனை அடி போட்டீங்க?”

“எண்ணூறு போட்டமுங்க. வெறும் புகைதான்.”

போர், கிணறு, தண்ணீர் என்று ஒரு சொல்லும் வரவில்லை. ஆனாலும் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒருவர் பணம் மண்ணுக்குள் போனது புரிந்துவிடும். டிஎன் 34 என்ற எண்ணோடு இந்தியா முழுக்கச் சுற்றும் ரிக் வண்டிகளின் ஊர் அது. அங்கே ‘போட்டாச்சா?’ என்று கேட்டால் வேறு பொருளே கிடையாது.

நாமக்கல் பக்கம் வந்தால், ‘அவரு அம்பதாயிரம் போட்டிருக்காருங்க’ என்பது ரூபாய்க் கணக்கில்லை, கோழிக் கணக்கு. கோழிக்குத் தீவனம் போட வேண்டும், ஊசி போட வேண்டும், பிறகு அது முட்டை போட வேண்டும். முட்டை விலை சரிந்தால் பண்ணைக்காரர் தலையில் துண்டைப் போட வேண்டியதுதான். ராசிபுரம் பக்கம் காட்டில் கடலை போட்டிருப்பார்கள். சேலத்துக் கல்லூரி வாசலில் பையன்கள் போடுவதும் கடலைதான். மகசூல் வேறு.

இதோடு லாரிக்குப் போயிருக்க வேண்டும். குறுக்கே வந்தான் அக்கா மகன். ஜப்பானில் வேலைக்குப் போகும் ஆசையில் அந்த மொழியின் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். “மாமா, பூட்டு போடறதுக்கும் கண்ணாடி போடறதுக்கும் இவங்களும் ஒரே வினையைத்தான் வெச்சிருக்காங்க” என்று நோட்டை நீட்டினான். அந்த வினையின் பெயர் ககெரு. மூன்று எழுத்தையும் பிரித்து, முதல் இரண்டையும் வல்லினமாகவே சொல்ல வேண்டும். அடிப்படைப் பொருள் மாட்டுதல், தொங்கவிடுதல். நோட்டை வாங்கியவன்தான், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாம் போன் போடுவோம், அவர்கள் போனை ககெரு செய்வார்கள். துணிக்கு இஸ்திரி போடுவது ககெரு. பாட்டு போடுவது, பிரேக் போடுவது, ஆற்றுக்குப் பாலம் போடுவது, அரசாங்கம் வரி போடுவது, இன்சூரன்ஸ் போடுவது, சோற்றின் மேல் உப்பைப் போடுவது எல்லாம் ககெரு. ஒருவரைக் கோர்ட்டில் நிறுத்துவதற்கும் அதே. கணக்கில் பெருக்குவதும் ககெருதான். அங்கே மட்டும் நம் ‘போடு’ ஒதுங்கிக்கொள்கிறது.

உடுப்பில் நாம் சிக்கனம். சட்டை, செருப்பு, தொப்பி, கண்ணாடி நான்கும் போடுவதுதான். ஜப்பானியருக்கு அது போதாது. உடம்பில் போட்டால் கிரு, இடுப்புக்குக் கீழே போட்டால் ஹகு, தலையில் போட்டால் கபுரு, கண்ணாடிக்குத்தான் ககெரு. நாலு வினை தெரியாமல் அங்கே ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவை ஒன்றுமில்லை. ‘கமா வோ ககெரு’ என்றொரு மரபுத்தொடர். எதிராளி மறைப்பதை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல் பேசி, அவர் வாயாலேயே வரவழைப்பது. அதாவது, அச்சு அசலாக நம் ‘போட்டு வாங்குதல்’! பெங்களூரிலிருந்து எங்கும் நிற்காமல் வந்ததாகச் சாதிக்கிற டிரைவரிடம் முதலாளி சும்மா கேட்கிறார்: “தர்மபுரியில உங்க மச்சான் சௌக்கியமா?” “சௌக்கியமுங்க, ராத்திரி கறிச்சோறு போட்டாருங்க.” முடிந்தது கதை. டோக்கியோவில் இதற்குப் பெயர் கமா வோ ககெரு. அந்தக் ‘கமா’வை அரிவாளுக்கான எழுத்தை வைத்து எழுதுவதும் உண்டு. அரிவாளை மாட்டி இழுப்பது என்று எடுத்துக்கொண்டால் நம்முடையதைவிடக் கொஞ்சம் பயங்கரம். நாம் ‘போட்டு’ என்கிறோமே தவிர, எதைப் போட்டு என்று சொல்வதேயில்லை. தூண்டிலா, புழுவா, பொறியா? இரண்டு நாளாக வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, எல்லோரும் என்னைக் கண்டாலே நகர்ந்துபோகிற நிலை.

இவ்வளவு ஒன்றாக நடந்துவந்த இரண்டும் ஓரிடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பிரிகின்றன. கொங்குப் பேச்சில் ‘சாப்பிட்டுப்போட்டு வாரனுங்க’ என்பார்கள். மற்ற இடங்களில் ‘விட்டு’ நிற்கும் இடத்தில் இங்கே ‘போட்டு’. தின்னுபோட்டான் என்றால் தட்டு காலி. யாழ்ப்பாணத்திலும் இந்தப் ‘போட்டு’ உண்டு. ஜப்பானியத்திலும் ககெரு இன்னொரு வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும், ஆனால் நேர்மாறாக. தபெரு என்றால் சாப்பிடுதல். தபெககெ என்றால் பாதி தின்று மீதி வைத்தது. சொல்ல வாயெடுத்து நிறுத்தியதற்கும், சாகக் கிடந்து பிழைத்ததற்கும் ககெரு உண்டு. நம் போடு முடித்துவைக்கிறது, அவர்கள் ககெரு தொடங்கிவைத்துவிட்டு அந்தரத்தில் நிற்கிறது. பழைய ‘போகடு’தான் சுருங்கிப் ‘போடு’ ஆனது. போகச் செய்வது, எறிவது. எறிந்தது போனதுதான், தொங்கவிட்டது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேறுபாடு இங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்நேரம் சிலர் பேனாவை எடுத்திருப்பீர்கள்: சுசுமு ஓனோவை ஏன் சொல்லவில்லை? சொல்கிறேன். 2008-இல் மறைந்த அந்த ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ் தம்பதியரும் சென்னையின் பொற்கோவும் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். உழைப்பு பெரிது, ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் முடிவை ஏற்கவில்லை. நானும் இந்தப் ‘போடு’வை வைத்து யாரோடும் சம்பந்தம் பேசப் போவதில்லை. காரணத்தை வடக்கே லோடு கொண்டுபோகிற நாமக்கல் டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இந்தியில் பூட்டுக்கும் லகானா, கண்ணாடிக்கும் லகானா, பிரேக்குக்கும் லகானா, போனுக்கும் லகானா. மூன்று மொழிகளும் வினையைக் கடைசியில் வைப்பவை. வேலைக்கு அஞ்சாத ஒரு வினையைப் பிடித்து எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் போடுவது இவற்றின் பழக்கம். உறவுக்குச் சான்று தேட வேண்டிய இடம் இதுவல்ல.

லாரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெர்மிட் போடுவதும், ‘ரெண்டு வண்டி போட்டிருக்கேன்’ என்பதும், பாடி கட்டும் பட்டறையில் ‘கட்டு’வும் ‘போடு’வும் முட்டிக்கொள்ளும் இடமும் அடுத்த வாரம். அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. போட்டு வாங்குவதற்கு உங்கள் ஊரில் வேறு சொல் இருந்தால், ஊர்ப் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.