கொக்கின் விரல் மஞ்சள்

அடையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் விடியற்காலையிலேயே கொக்குகள் இரை தேடத் தொடங்கிவிடும். சென்னையில் ஞாயிறு கடல்மேல் எழுவதால், கடற்பக்க மணலில் நின்று ஆற்றை நோக்குபவரின் முதுகில் ஒளி விழும். எதிரே நிற்கும் பறவையின் கண், அலகு, இறகு ஆகியவை தெளிவாகப் பதியும். ஆற்றின் உட்பக்கத்திலிருந்து கடலை நோக்கிப் படமெடுப்பவருக்கோ, அதே கொக்கு கரிய நிழலுருவமாகவே கிடைக்கும். மாலையில் இந்நிலை தலைகீழாகும்.

முன்னொளி நிறத்தைக் காட்டும். பின்னொளி உருவத்தின் விளிம்பை மட்டும் காட்டும். மீன்கொத்தியின் நீலம் நிறமியால் அமைந்ததன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது. ஆகவே, பின்னொளியில் அந்நீலம் மங்கி இருண்டுவிடும். பக்கவொளி இறகுகளின் அடுக்கையும் உடலின் திரட்சியையும் புலப்படுத்தும். உச்சிவெயிலைத் தவிர்ப்பதே நன்று. கண் நிழலில் மறைய, முதுகு வெளுத்துப்போகும்.

பக்கவொளியின் அருமையை உணரக் கருப்பு வெள்ளைப் படங்களைக் காண வேண்டும். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912-1996) அவ்வகைப் படங்களையே பெரிதும் விரும்பினார். வெவ்வேறு ஒளிப்படக்கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிய கருவிக்கு வேடிக்கையாகச் 'சூப்பர் பாண்டரோசா' எனப் பெயரிட்டார். நிறம் துணைக்கு வராத படத்தில், ஒளியும் நிழலுமே உயிரின் வடிவைச் சொல்லியாக வேண்டும்.

இன்று கணினியில் படத்தைச் செம்மையாக்குவது எளிது. சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்கலாம். வேண்டாத ஓரத்தை வெட்டலாம். நிழலைச் சற்று வெளிச்சமாக்கலாம். ஆனால், அளவுக்கு மிஞ்சிய ஒளியால் முற்றிலும் வெளுத்துப்போன இறகை மீட்க இயலாது. அங்கே பதிவாகிய செய்தி எதுவுமில்லை. எனவே, வெண்ணிறப் பறவைகளைச் சற்றுக் குறைந்த ஒளியளவில் எடுப்பது நல்லது. நிழலையும் மிகுதியாக உயர்த்தினால் படம் முழுதும் புள்ளிகள் பரவும்.

நிறத்தைத் திருத்தும்போதுதான் பெரும்பிழை நேர்கிறது. சின்னக் கொக்கிற்கு அலகும் காலும் கருப்பு; விரல்கள் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கிற்கு அலகு மஞ்சள். அழகு கருதிக் காலடியை வெட்டிவிட்டு, அதிகாலைப் பொன்னிறம் வேண்டிப் படம் முழுவதற்கும் மஞ்சளேற்றினால், பார்ப்பவர் எது எந்தக் கொக்கு என்று ஐயுறுவார். அப்படம் ஒரு பறவைக் கணக்கெடுப்பிற்குச் சான்றாக அளிக்கப்பட்டால், கழிமுகத்தின் பதிவேட்டிலேயே பிழை ஏறிவிடும். திருத்திய படத்தோடு மூலக்கோப்பையும் எடுத்த நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகளையும் பாதுகாக்க வேண்டும். ஐயம் எழும்போது விரல்களின் மஞ்சளை அந்த மூலக்கோப்பில்தான் தேட முடியும்.